சத்தம் போடும் கதவு

“இது உன்ர சீதன வளவு, மரியம். உன்னைக் கேளாமல் ஒரு ஆணியும் அறைய மாட்டன்.”

“அப்ப என்னைக் கேட்டுத்தான் கார் வாங்கினீங்களோ?”

“கார் என்ர. அது படுக்கிற இடம் உன்ர. கொட்டில் போட விடுவியோ, மாட்டியோ?”

“போடுங்கோ, போடுங்கோ. நீங்கள் வெயிலில கிடந்தாலும் கார் கிடக்கக் கூடாது.”

அன்றைக்கு இருவரும் சிரித்த சிரிப்பு, சோற்றில் கடிபட்ட மணலைப்போல இப்போது மரியத்தின் நினைவில் நறநறத்தது. அந்தக் கார்க் கொட்டிலின் முன்னால்தான் அவளுடைய கணவர் வஸீர் நின்றார். பக்கத்தில், வங்காலையிலிருந்து மரவேலைக்கு வந்த ஓடாவி யாகப்பர் கொட்டில் கதவை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியம் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

உப்புக்காற்றில், கதவைத் தாங்கிய இரும்புப் பிணைச்சல்கள் இற்றுப்போயிருந்தன. தொங்கிய கதவு, திறக்கும்போதெல்லாம் சீமெந்தை உரசி அலறியது. வஸீர் கொண்டச்சி ஊரில் இரண்டாவது நிக்காஹ் செய்த பிறகு, அந்த அலறல்தான் தெருவுக்குச் செய்தி. வெள்ளிக்கிழமை கேட்டால் மனிதர் வந்துவிட்டார். சனிக்கிழமை விடியக் கேட்டால் போய்விட்டார். மரியத்திடம் யாரும் எதுவும் விசாரிப்பதில்லை. விசாரிக்க என்ன மிச்சம்?

“அடியைச் சீவி, பிணைச்சலை மாத்தினாப் போதும் முதலாளி. பலகை நல்ல தேக்கு,” என்றார் யாகப்பர்.

“வேண்டாம். புதுசாச் செய். சத்தமே வரக் கூடாது.”

“உங்கட காரே ஊரை எழுப்புது. கதவை மட்டும் ஊமையாக்கி என்ன செய்யிறது?”

வஸீர் சிரிக்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“மரியம், நீ சொல்லு. உனக்காகத்தான் பாக்கிறன். சனம் கதைச்சால் உனக்குத்தானே வெக்கம்?”

வெட்கமும் அவளுடைய கணக்கில்தானா? அவர் ஓசைப்படாமல் போய்வர ஒரு கதவு. அதையும் அவளுடைய வளவில், அவளுடைய வாயாலேயே சொல்லவைத்து!

“திருத்திறதோ தங்கச்சி, மாத்திறதோ?” யாகப்பர் கேட்டார்.

“ரெண்டும் வேண்டாம் அண்ணை. கதவைக் கழட்டிப்போட்டு, கல்லு வச்சு அடைக்க ஒரு மேசனைப் பிடிச்சுத் தாங்கோ.”

“விசர்க்கதை கதைக்காதை! நான் காரை எங்க விடுறது?” வஸீர் சீறினார்.

“கொண்டச்சியில விடுங்கோ.”

சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மரியம் முற்றத்துக்கு வந்தாள். வெள்ளிக்கு வெள்ளி நாக்கு நுனிவரை வந்து, அவருடைய சோற்றுக் கோப்பையில் கறி ஊற்றும் நேரத்தில் தொண்டைக்குள் திரும்பிப் போய்விடும் வார்த்தை அது. இன்றைக்கு அது திரும்பவில்லை.

“எனக்குத் தலாக் தந்திடுங்கோ.”