படிச்ச கை

அப்பாவின் கால்கள் மட்டும் காருக்கு வெளியே தெரிந்தன. வேலை செய்யும்போது வலது காலின் பெருவிரல் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். எந்தப் பாட்டுக்கு என்று யாருக்கும் தெரியாது. இன்று அந்த விரல் ஆடாமல் நின்றிருந்தது.

"அப்பா?"

"ம்."

"என்ன பண்றீங்க?"

"ஆயில் வடியுது. பாத்துக்கிட்டு இருக்கேன்."

சொன்ன பிறகும் விரல் ஆடவில்லை. மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். முன் சக்கரங்கள் இரண்டும் மரக்கட்டைகள் மேல் ஏறி நிற்க, அந்தச் சின்னக் கார் மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் கறுப்பு எண்ணெய் தட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் கயிறு போல விழுந்தது, இப்போது சொட்டுச் சொட்டாக.

கார் அவளுடையது, அவள் சம்பளத்தில் வாங்கியது. ஒரு வாரமாக டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு ஸ்பேனர் படம் எரிந்துகொண்டிருந்தது. ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆபீசில் ஒருவர் அதை இரண்டு நிமிடத்தில் அணைத்துத் தருகிறேன் என்றார். அப்பாவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வேலையச் செய்யாம லைட்ட மட்டும் அணைக்கிறதா? அதுக்குப் பேரு சர்வீஸ் இல்ல, கண்ணக் கட்டுறது. ஞாயித்துக்கிழமை நான் மாத்தித் தர்றேன்."

"அந்தத் துணிய எடு கண்ணு" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

அவள் குனிந்தாள்.

"வேணாம், வேணாம். அது எண்ணெய்த் துணி. அம்மாவ எடுக்கச் சொல்லு."

"துணி எடுத்தா தேஞ்சா போயிடுவேன்?"

"படிச்ச கைம்மா அது."

இருபத்தாறு வருடமாக இதே வசனம்தான். அவருடைய கார் பட்டறைக்குக் கூடப் போனால் ஸ்டூலில் உட்கார வைத்துப் புத்தகத்தைக் கொடுப்பார். நட்டுப் பெட்டியைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவார். அவள் பட்டம் வாங்கிய அன்று பட்டறைக்காரர்கள் எல்லோரும் வரிசையாகக் கை குலுக்க வந்தார்கள். அப்பா எல்லோரையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னார். டிங்கர் மாமா இரண்டு தடவை கழுவினார். ஊர் இதைப் பாசம் என்று சொல்லும். ஒரு டயர் மாற்றக்கூடத் தெரியாமல் ஒருத்தியை வளர்ப்பதற்கு வேறு பெயர் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும்.

அம்மா வந்து துணியை எடுத்துக் கொடுத்தாள். "இன்னும் முடியலையா? காலைலேர்ந்து தோள்பட்டையப் பிடிச்சுக்கிட்டு இருக்கார். வெந்நி குடிச்சா ஏப்பம் வந்து சரியாயிடும்னேன், கேக்கல."

"கேஸுடி. தானா போயிடும்" என்றார் அப்பா.

காலையில் அவர் மாத்திரை ஒன்றை மென்று விழுங்கியதை மகளும் பார்த்திருந்தாள். அவளும் கேஸ் என்றுதான் நினைத்தாள். இந்த வீட்டில் எந்த வலி வந்தாலும் முதலில் அதுதான் பெயர்.

கால்கள் நெளிந்தன. அப்பா வழக்கம்போல் சர்ரென்று வெளியே சறுக்கி வரவில்லை. முட்டியை ஊன்றி, ஊன்றி, பக்கவாட்டில் உருண்டு வந்து சக்கரத்தில் முதுகைச் சாய்த்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"ஒரு யானை ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்றார், சிரிக்கப் பார்த்துக்கொண்டே.

மகள் போனை எடுத்தாள். ஆம்புலன்ஸில் பேசிய பெண் விலாசத்தைக் கேட்டுக்கொண்டு, "எல்லா வண்டியும் வெளில போயிருக்கு மேடம், கொஞ்சம் நேரமாகும்" என்றாள். டாக்சி எதுவும் கிடைக்கவில்லை. எதிர்வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. பைக்கில் உட்காரும் நிலையில் அவர் இல்லை.

"நம்ம வண்டியிலயே போலாம். எந்திரிங்க."

"ஆயில் இல்லம்மா அதுல." அப்பா தெளிவாகச் சொன்னார். "ஒரு சொட்டு இல்ல. எடுத்தா நாலு தெரு தாண்டாது, இன்ஜின் ஜாம் ஆயிடும்."

"ஊத்துனா?"

"அடில நட்டு போடணும் மொதல்ல. இல்லாட்டி ஊத்துறது அத்தனையும் கீழ வந்துடும்."

"குடுங்க. நான் போடுறேன்."

"தொடாத."

அப்பா மறுபடி படுத்து உள்ளே போகப் பார்த்தார். தோள் வரைக்கும் போனார். ஒரு கை மேலே போவதும் தவறுவதும் அவளுக்குத் தெரிந்தது. பிறகு அந்தக் கை மார்புக்கு வந்தது. அம்மா அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

"அவ போடட்டுமே. உசுரு போற நேரத்துல என்ன வீம்பு?"

"அட, கேஸுடி."

நட்டு அவருடைய மூடிய கைக்குள் இருந்தது. மகள் மண்டியிட்டு அந்த விரல்களைப் பிரித்தாள். அவர் விடவில்லை. விளையாட்டுக்குப் பிடித்துக்கொள்ளும் பிடி இல்லை அது. சின்ன விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அவள் நிமிர்த்த வேண்டியிருந்தது. நகம் பட்டு அவர் உள்ளங்கையில் கீறல் விழுந்தது. கடைசியில் நட்டு சூடாக அவள் கைக்கு வந்தது.

அட்டைமேல் படுத்து உள்ளே போனாள். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்ததும் தெரிந்தது.

"வெறுங்கையால மொதல்ல" என்றார் அப்பா, வெளியிலிருந்து. மூச்சு வாங்கியது. "கோணலா போச்சுன்னா... கழட்டிடு. மறுபடி போடு. தானா சுத்தும் பாரு."

இரண்டு முறை கோணலாகப் போனது. மூன்றாவது முறை தானாகச் சுற்றியது.

"இப்ப ஸ்பேனர். இன்னும் கொஞ்சம் முறுக்கலாம்னு தோணும். தோணும்போது நிறுத்து."

தோன்றியது. நிறுத்தினாள்.

வெளியே வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். ஃபில்டரை முன்பே மாற்றி வைத்திருந்தார். அவள் பானெட்டைத் திறந்து கேனைக் கவிழ்த்தாள். தேன் நிறப் புது எண்ணெய் அவசரமே இல்லாமல் இறங்கியது. கேனை அமுக்கினாள், குலுக்கினாள். அது தன் இஷ்டத்துக்குத்தான் இறங்கியது. அதற்குள் அம்மா அவரைத் தாங்கித் தாங்கி முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் ஏறினாள்.

மகள் சாவியைச் செருகித் திருகினாள். டாஷ்போர்டில் ஸ்பேனர் எரிந்தது.

"இரு." அப்பாவின் கை அவள் மடிக்குக் குறுக்கே நீண்டது. "இன்ஜின எடுக்காத. சாவிய அணை."

"அப்பா, விடுங்க."

"அணைன்னேன்."

பட்டறையில் ஆட்களிடம் பேசும் குரல் அது. அவளிடம் அந்தக் குரலில் அவர் பேசியதே இல்லை. அவள் அணைத்தாள். மீட்டரின் ஓரத்தில் இருந்த குமிழைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப போடு. ஒரு திருகு மட்டும்" என்றார். ஸ்பேனர் சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. அம்மா பின்னாலிருந்து, "என்னடி நடக்குது, கெளப்பேன்டி" என்றாள். ஸ்பேனர் அணைந்தது.

"வேலைய முடிச்சாச்சு. இப்ப எடு" என்றார் அப்பா.

கட்டைகளிலிருந்து பின்னால் இறக்கி, தெருவுக்குத் திருப்பி, மெயின் ரோட்டுக்கு வந்தாள். இன்ஜின் வெண்ணெய் போல ஓடியது. முதல் சிக்னலில் அவரைப் பார்த்தாள். சத்தத்தைக் கவனிப்பவர் போலத் தலையைச் சாய்த்திருந்தார். இரண்டாவது சிக்னலிலும் அப்படியேதான் இருந்தார். மூன்றாவதில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நிற்கவும் இல்லை. பின் சீட்டிலிருந்து அம்மா அவர் தோளை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

டியூட்டி டாக்டருக்கு அவள் வயதுதான் இருக்கும். "எப்ப ஆரம்பிச்சது?" என்றார்.

"காலைலேர்ந்து. கேஸ்னு நெனச்சோம் தம்பி" என்றாள் அம்மா.

டாக்டர் மகளைப் பார்த்தார். பிறகு முழங்கை வரை கறுத்திருந்த அவள் கைகளைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்கதானே?" என்றார்.

அவரை அறைய வேண்டும் போல இருந்தது. கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

மறுநாள் காலை துக்கத்துக்கு வந்தவர்களால் வீடு நிறைந்திருந்தது. பெரியம்மா யார் வந்தாலும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். "படிச்ச பொண்ணு வீட்ல இருக்கு. மனுஷன் கடைசி நேரத்துல காருக்கு அடியில கெடந்து நட்டு முறுக்கிட்டுப் போயிருக்கான். யாரச் சொல்ல?" கேட்டவர்கள் எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதை இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது ஆளிடம் சொல்லவில்லை.

அத்தையை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர வேண்டியிருந்தது. பெரியம்மாவின் மருமகன் கார் சாவியைக் கேட்டார்.

"இருங்க மாப்ள" என்று டிங்கர் மாமா எழுந்தார். இரவெல்லாம் அழுது குரல் கட்டியிருந்தது. "அந்த நட்ட அவன் எந்த நெலமைல போட்டானோ. பாத்துட்டுத் தர்றேன்."

வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்து, தலையைச் சாய்த்து அடியில் பார்த்தார். ஸ்பேனரைக் கொடுத்து லேசாக அசைத்துப் பார்த்தார். விரலால் தடவி, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தார். தோள் குலுங்கியது.

"என்ன மாமா?" மகள் அருகில் போனாள். "கசியுதா?"

"எங்க கசிய? வாஷர்கூட நசுங்கல பாப்பா. ஒரு நூல் கூடவும் இல்ல, ஒரு நூல் கொறையவும் இல்ல." எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். "முப்பது வருஷம் கூட வேல பாத்தவன் நான், எனக்கே இந்தப் பதம் வராது. உங்கப்பன் கைய்யி பாப்பா இது. நெஞ்சு வலியோட படுத்துக்கிட்டு எப்படித்தான் முறுக்குனானோ."

பெரியம்மா பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். வாசலில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அம்மா மட்டும் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

மகள் வாயைத் திறந்தாள். டிங்கர் மாமா அந்த விரலை வேட்டியில் துடைக்காமல் தனியாகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஆமா மாமா" என்றாள்.

எத்தனை முறை தேய்த்தும் அவள் நகக்கண்களில் கறுப்பு போயிருக்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கார் வெளியே போக வழிவிட்டு, சுவரோரமாக நகர்ந்து நின்றாள்.