திரையில் நான்கு டிகிரி

மார்ச் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடத்திற்கு, முதல் நாள் மாலை பழுது பார்த்துத் திரும்பிய லேசர் இயந்திரம், இரண்டாம் மாடியிலிருந்த முடிநீக்கு நிலையத்தில் சோதிக்கப்பட்டது. முகத்தில் வலி தெரியாதிருக்கப் பூசிய மரப்புக் களிம்புடன் ஒரு வாடிக்கையாளர் வெளியே காத்திருந்தார்.

பழுது பார்த்த ஒவ்வொரு முறையும் சோதனை துப்புரவுப் பெண்ணின் முன்கையில்தான் நடக்கும். அங்கிருந்தவர்களில் அவள் தோலே மிகக் கறுப்பு; அது பொசுங்காவிட்டால் எவருடைய தோலும் பொசுங்காது என்பது உரிமையாளரின் கணக்கு. அத்தகைய நாள்களில் அவள் அரைமணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போகலாம்.

"கண்ணுக்குப் போடுற கண்ணாடி ரெண்டுதான் இருக்கு அக்கா. நீங்க கண்ணை இறுக்கி மூடிக்கோங்க" என்றாள் இயந்திரத்தை இயக்கும் பெண், வெள்ளைப் பென்சிலால் வலக்கையில் மூன்று கட்டங்கள் வரைந்தவாறே. ஒரு கண்ணாடி அவளிடமும் மற்றது உரிமையாளரிடமும் இருந்தன.

"இருக்கிறதே ஏழெட்டு முடி. அதையும் விட்டு வெக்க மாட்டீங்களா?" என்று சிரித்த துப்புரவுப் பெண், கருவியின் முனை கையில் பட்டதும் சிரிப்பை நிறுத்தினாள். நாள்தோறும் அதைத் துடைத்து வைப்பவள் அவள்தான்.

"பாப்பா, தினமும் துடைக்கும்போது குளிர்ல விரல் மரத்துப் போகும். இன்னைக்கு இது குளிரவே இல்லையே."

இயக்குபவள் முனையின் மீது வாயால் ஊதினாள். முனையிலிருந்த கண்ணாடிச் சில்லு மங்கவில்லை.

"மேடம், ஊதினா ஆவி படியணும். படியலையே."

"திரையில நாலு டிகிரின்னு போட்டிருக்கில்ல? இவ விரலை நம்பவா, மெஷினை நம்பவா? வெளிய அந்தம்மா எவ்வளவு நேரம் உட்காருவாங்க? பயமா இருந்தா ரெண்டு பேரும் வேற வேலை பாத்துக்கோங்க" என்றார் உரிமையாளர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"போடு பாப்பா" என்று துப்புரவுப் பெண் கண்களை மூடிக்கொண்டாள். "அந்தம்மா மூஞ்சி வரைக்கும் போகாம, என் கையோட போகட்டும்."

முதல் கட்டம் சிவந்தது. இரண்டாவதில் தோல் தடித்தது. இயக்குபவள் மிதிகட்டையிலிருந்து காலை எடுப்பதற்குள் மூன்றாவது கட்டம் சாம்பல் நிறமாக வெளுத்துவிட்டது. துப்புரவுப் பெண் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

நண்பகலில் பழுது பார்ப்பவர் வந்து பின்பக்கப் பலகையைக் கழற்றினார்.

"அந்த நாலு, நாம வெச்ச அளவு மேடம். உள்ள எவ்வளவு இருக்குன்னு அது காட்டாது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "குளிரூட்டுற குழாயை மாட்ட விட்டுப்போச்சு."

அன்று மாலை முடிவு செய்யப்பட்டவை பின்வருமாறு. மின்தடை என்று கூறித் திருப்பி அனுப்பப்பட்ட வாடிக்கையாளருக்கு அடுத்த முறை கட்டணம் இல்லை. துப்புரவுப் பெண், வழக்கம்போல், அரைமணி நேரம் முன்னதாகப் புறப்படலாம். சோதனை முறையில் மாற்றம் இல்லை. வலக்கை ஆறும்வரை இடக்கையில் செய்யப்படும். மூன்றாவது கண்ணாடியைப் பற்றி எவரும் பேசவில்லை. புண் வருவோர் கண்ணில் படாதிருக்கும்பொருட்டு, புதன்கிழமை முதல் அவளுக்கு மட்டும் முழுக்கைச் சீருடை.