கட்டி தட்டிய க்ரீம்

இயந்திரம் காட்டிய எண்ணை நம்பாமல், பரிசோதகி கண்ணாடித் தகட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசி மறுபடி வைத்தாள். அதே எண். வெயிலுக்குப் பூசும் அந்த க்ரீம் தோலைச் சுடும் கதிரில் பாதியைத்தான் உறிஞ்சியது.

நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். தூசி போலத் தனித்தனியாகப் பரவிக் கிடக்க வேண்டிய துத்தநாகப் படிகங்கள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. தனியாக இருந்தால் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒளியை விழுங்கும். கும்பல் சேர்ந்துவிட்டால் உள்ளே மாட்டியவை வெளியே இருப்பவற்றின் நிழலில் சும்மா கிடக்கும். கட்டிகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் கதிர் தாராளமாக நுழைந்துவிடும். எல்லாம் மலிவாக வாங்கிய புதுக் கலவை இயந்திரத்தின் கைங்கரியம்.

அவள் போய்ச் சொன்னதை மேலாளர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"சாம்பிளை அதிர்வுத் தொட்டியில பத்து நிமிஷம் வெச்சுட்டு அளந்து பாரும்மா."

"டியூப்ல போறது கட்டியாத்தானே சார் இருக்கும்?"

"உன்னை நிரந்தரமாக்குற ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு."

அவர் குரலில் கோபமே இல்லை. ஆறு வருடமாக ஒப்பந்தத்திலேயே ஓட்டியவள். பத்து நிமிடத்தில் கட்டிகள் உடைந்தன, எண் சரியாக வந்தது, அவள் கையெழுத்துப் போட்டாள்.

அன்றே, புது இயந்திரம் வருமுன் செய்த பழைய சரக்கில் இருபது டியூபைப் பொறுக்கி எடுத்துப்போய் அக்காவிடம் கொடுத்தாள். அக்கா தபால்காரி, வெயில் பட்டால் முகம் கொப்பளித்துப்போகும் நோய் அவளுக்கு. "இதையே போட்டுக்கோக்கா" என்றாளே தவிர ஏன் என்று சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, விடுப்பு எடுத்த நாளொன்றில் காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அக்காவின் கன்னங்கள் இரண்டும் வெந்துபோயிருந்தன.

"என்னக்கா இது?"

"நோய் முத்திடுச்சாம். டாக்டர் மாத்திரையை ரெண்டு மடங்காக்கிட்டார். க்ரீம் சரியில்லையோன்னு கேட்டார். என் தங்கச்சி பார்த்துப் பாஸ் பண்றதுன்னு வாயை அடைச்சுட்டேன்."

"நான் குடுத்தது எங்க?"

"எங்க ஆபீஸ்ல எல்லாரும் வெயில்ல காயறாங்கடி. பங்கு போட்டுக் குடுத்துட்டேன். எனக்குக் கடையில வாங்கிக்கிட்டேன்." அக்கா புது டியூபை எடுத்துக் காட்டினாள். "உங்க கம்பெனிதான். எல்லாம் ஒண்ணுதானே?"

இப்போது சொல்லிவிடலாம். போன வாரம்தான் நிரந்தர ஆணை கைக்கு வந்திருந்தது. அதைப் பார்த்து அவளைவிட அதிகமாக அழுதவள் இந்த அக்காதான்.

"ஒண்ணுதான்க்கா."

அக்கா கண்ணாடி முன் நின்று, எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் முழுக்க வெள்ளையாக அப்பிக்கொண்டாள். ஆபீஸிலிருந்து எடுத்துவந்திருந்த தபால் பையைத் தோளில் மாட்டி, "சாப்பிட்டுட்டுப் போ, எல்லாம் மூடி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

தங்கை ஜன்னலருகே வந்து நின்றாள். எதிர்வரிசையில் நிழல் என்று பேருக்கும் இல்லை. அக்கா ஒவ்வொரு வாசலிலும் நின்று, கதவிலக்கம் பார்க்க முகத்தை வெயிலுக்கு நிமிர்த்தி, கடிதத்தைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தாள்.