கருப்புக் கட்டம்

யோகப்பிரியா செய்த மென்பொருளில் ஒரு குறையும் கிடையாது. மாட்டின் தோலைப் படமெடுத்துப் போட்டால், கழலை நோய் தொடங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடும். இலவசம் வேறு. ஆனால் அதற்கென்று அவள் போட்ட இணையப் பக்கம் இருக்கிறதே, அதைத்தான் மீனாட்சிபுரம் மன்னிக்கவில்லை.

மாநில எல்லையோர ஊர், சிக்னல் நொண்டியடிக்கும். பக்கம் சட்டென்று திறக்கட்டும் என்று வண்ணத்தையெல்லாம் எடுத்துவிட்டாள். நடுவில் பக்கத்து வீட்டு சுப்பாத்தாளின் பசு, கருப்பு வெள்ளையில். சுற்றிலும் தடித்த கருப்புக் கட்டம். கீழே 'செவலை' என்று அதன் பெயர், படமெடுத்த தேதி.

பால் சங்கத்துச் செயலாளர் ரத்தினசாமி பார்த்ததும் போனைத் தள்ளி வைத்தார். "ஏங்கண்ணு, ஊட்டுல மாட்ட வெச்சுக்கிட்டு இந்தக் கண்ணீர் அஞ்சலிய எவன் தொறப்பான்? மாத்தீரு."

சுப்பாத்தாள் அழாத குறை. "உசுரோட இருக்கறவளச் செவுத்துல ஒட்டிப்போட்டயே, சாமி!"

"உள்ள என்ன இருக்குதுன்னு பாருங்க, பெரிம்மா."

பெரியம்மா பார்க்கவில்லை. அன்றோடு பேச்சும் நின்றது. மாற்றுவது ஒரு சாயங்கால வேலைதான். ஆனால் ஒழுங்காக வேலை செய்கிற பொருளுக்கு மினுக்கு எதற்கு என்று யோகப்பிரியாவுக்கு வீம்பு. படித்த வீம்பு, லேசில் இறங்குமா?

ஆடியில் நோய் வந்தது. செவலையின் கழுத்தில் நாலைந்து தடிப்பு. பூச்சிக்கடி என்று சுப்பாத்தாள் வேப்பெண்ணெய் தடவினாள். வேலிக்கு அந்தப்பக்கம் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாடு தீனி எடுக்காமல் படுத்த பிறகுதான் டாக்டர் வந்தார். "முதல்லயே தெரிஞ்சிருந்தா..." என்று இழுத்தார்.

அன்று சாயங்காலமே யோகப்பிரியா பக்கத்தை மாற்றினாள். பச்சை, மஞ்சள், நெற்றியில் குங்குமமும் கழுத்தில் சாமந்தி மாலையுமாக வேறொரு பசு. மென்பொருளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மறுநாள் காலை பால் ஊற்ற வந்தவர்களில் நாற்பது பேர் திறந்து பார்த்தார்கள்.

"இப்பத்தாங் கண்ணு நல்லா வேல செய்யுது," என்று ரத்தினசாமி மெச்சினார். அவளுக்குக் காது இரண்டும் எரிந்தன.

மதியம் செவலை செத்தது. தோப்பில் புதைத்துவிட்டு வந்த சுப்பாத்தாள் வேலியோரம் நின்றாள். திட்டட்டும், காறித் துப்பட்டும் என்று யோகப்பிரியா அருகே போனாள்.

"கண்ணு, அந்தக் கருப்புக் கட்டம் போட்ட படம் வெச்சிருக்கறயா?" என்றாள் சுப்பாத்தாள். "அவளுக்கு வேற படமே இல்ல. தேதிய மட்டும் மாத்தி ஒண்ணு அடிச்சுக் குடு, சாமி."