மரியாதைக்கு எழுதியது

2025ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் திகதி, திங்கட்கிழமை, யாழ்ப்பாண நகரில் ஓர் அரச கட்டடத்தின் இரண்டாம் மாடியில் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளுக்குப் பயிலுநர் வேலைக்கான நேர்முகத் தேர்வு நடந்தது. கரவெட்டியிலிருந்து வந்திருந்த ஆரபிக்கு அன்று முப்பத்து நான்கு வயதும் பதினொரு மாதமும் பதினான்கு நாளும்.

அவளுக்கு முன்னால் நாற்பது பேராவது இருந்தார்கள். மின்விசிறி ஒன்று சுற்றியது, மற்றது சுற்றவில்லை. சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். இது அவளுக்கு ஐந்தாவது நேர்முகம். முந்திய நான்கிலும் உண்மையை முழுதாகச் சொல்லியிருந்தாள். நோர்வேயில் கலாநிதிப் பட்டம், ஆய்வு கிணற்றுத் தண்ணீரில் கலக்கும் உரத்தைப் பற்றி, பிறகு ஒரு வருட ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் முடிந்த மாதத்திலேயே தகப்பன் இறந்துபோக, தாய் குணலட்சுமியைத் தனியே விட மனமில்லாமல் ஊரோடு வந்துவிட்டாள். விரிவுரையாளர் வேலைக்கு முதற்பட்டம் சிறப்புப் பட்டமாக இருக்கவேண்டும் என்றார்கள்; அவளுடையது மூன்று வருடப் பொதுப் பட்டம். அதற்கு மேலே என்ன அடுக்கியிருந்தாலும் கணக்கில்லை. மற்ற மூன்று இடங்களிலும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில்தான் கிடைத்தது. இவ்வளவு படித்தவர் இங்கே நிற்கமாட்டார், ஆறு மாதத்தில் பறந்துவிடுவார்.

அதனால் இம்முறை விண்ணப்பத்தில் முதற்பட்டத்தை மட்டும் எழுதினாள். அடுத்த ஆட்சேர்ப்பு எப்போது வந்தாலும் அவளுக்கு வயது கடந்திருக்கும்.

பக்கத்துக் கதிரையில் ஸஜானா என்றொரு பெண் இருந்தாள். சோனகத் தெருவிலிருந்து வந்தவள். கைக்குழந்தையைக் கீழே மாமியிடம் விட்டுவிட்டு வந்திருப்பதாகவும், குழந்தை அழத் தொடங்குமுன் கூப்பிட்டால் தன் அதிர்ஷ்டம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். சான்றிதழ்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று பார்க்க ஆரபியின் கோப்பைக் கேட்டு வாங்கினாள். புரட்டிக்கொண்டு வந்தவள் ஒரு தாளில் நின்றாள்.

"அக்கா, நீங்கள் டொக்டரோ?"

ஆரபி தாளை வாங்கிப் பார்த்தாள். கிராம உத்தியோகத்தர் கொடுத்த வதிவிடச் சான்றிதழ். பெயருக்கு நேரே, அழகான உருண்டைக் கையெழுத்தில், 'கலாநிதி செல்வி கனகசபாபதி ஆரபி' என்று இருந்தது. கீழே பிரதேச செயலாளரின் மேலொப்பமும் முத்திரையும்.

ஊரார் விதானையார் என்று கூப்பிடும் அந்த உத்தியோகத்தர் சுபாஸ்கரனிடம் போய் அதை வாங்கி, மேலொப்பமும் எடுத்து வந்தவள் தாய்தான். கொண்டுவந்து தந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது ஆரபிக்கு இப்போது நினைவு வந்தது. வரிசையில் நிற்காமல் அலுவல் முடிந்த சந்தோசம் என்றுதான் அன்று நினைத்தாள். தாளை வாசிக்காமல் கோப்பில் வைத்திருந்தாள். இருநூற்று நாற்பது பக்க ஆய்வேட்டில் ஒவ்வொரு தசமப் புள்ளியையும் மூன்று தரம் சரிபார்த்தவள்.

வெளிப் படிக்கட்டில் நின்று சுபாஸ்கரனுக்கு அழைப்பெடுத்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மூன்று வகுப்புக் கீழே படித்தவன்.

"மரியாதைக்கு எழுதினனான் அக்கா. வெறும் செல்வி எண்டு எழுதினால் அம்மா என்ன நினைப்பா?"

புதிதாக ஒன்று எழுதினாலும் மேலொப்பத்துக்கு இன்றைக்கு ஆள் இல்லை, எல்லோரும் கூட்டத்தில் என்றான். உள்ளே திரும்பி வந்தபோது ஸஜானா கைப்பையிலிருந்து வெள்ளை மை எடுத்து நீட்டினாள். முத்திரை குத்திய தாளில் அதைப் பூசினால் தாளே செல்லாது. ஆரபி வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

பன்னிரண்டேகாலுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் இருந்த அம்மையார் ஒவ்வொரு தாளாக விண்ணப்பத்தோடு ஒப்பிட்டு வந்து, ஆரபி எதிர்பார்த்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தக் கலாநிதி எங்கையிருந்து வந்தது?"

"விதானையார் மரியாதைக்கு எழுதினது, மடம்."

"அப்ப நீங்கள் கலாநிதியோ, இல்லையோ?"

ஐந்து பனிக்காலம் ஆரபிக்கு நினைவு வந்தது. சுன்னாகத்திலும் ஏழாலையிலும் ஒவ்வொரு கிணற்றடியாகப் போத்தல் கொண்டு திரிந்த இரண்டு வெயில்காலமும். களைப்பாக இருந்தது.

"விண்ணப்பத்திலை எழுதினது மட்டும்தான் நான் இந்த வேலைக்குக் காட்டுற தகைமை, மடம்."

அம்மையார் விண்ணப்பத்தையும் சான்றிதழையும் அருகருகே வைத்தார். இரண்டும் ஒத்துவரவில்லை என்றும், வெள்ளிக்கிழமைக்குள் கிராம உத்தியோகத்தரிடமிருந்து திருத்தக் கடிதம் வரவேண்டும் என்றும், வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்றும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை விதானையாரின் அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். சுபாஸ்கரன் அவளை முதலில் கூப்பிட்டு இருக்கச் சொன்னான். பேனையை எடுத்தான், வைத்தான்.

"நீங்கள் கலாநிதி ஆனதுக்குச் சனசமூக நிலையத்திலை உங்களுக்கு மாலை போட்டதே நான்தான். இப்ப கலாநிதி இல்லையெண்டு என்ரை கையாலை எழுதுறதோ?"

"அப்பிடி எழுத வேண்டாம். நான் சொல்லுறதை எழுதும்."

அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். முன்னர் வழங்கப்பட்ட சான்றிதழில் பெயருக்கு முன் இடம்பெற்ற 'கலாநிதி' என்னும் சொல் தவறுதலாகச் சேர்க்கப்பட்டது, அதை நீக்கி வாசிக்கவும். மூன்று வரி. அதில் பொய் எதுவும் இல்லை என்று அவள் சரிபார்த்துக்கொண்டாள். சுபாஸ்கரன் முத்திரை குத்தும்போது அவளைப் பார்க்கவில்லை. மேலொப்பத்துக்கு அவனே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தான்.

வீட்டில் குணலட்சுமி கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள்.

"கொப்பர் உயிரோடை இருந்து இதைப் பாக்கேல்லை. அது நல்லது," என்று சொல்லிவிட்டு, மகளுக்குச் சோறு போட எழுந்து போனாள்.

கடிதம் வியாழக்கிழமை கையளிக்கப்பட்டது. ஓகஸ்ட் 4ஆம் திகதி செல்வி க. ஆரபி ஒரு பிரதேச செயலகத்தில் பயிலுநராகக் கடமையேற்றாள். கிணற்றுத் தண்ணீர் குடிக்க உதவாத இடங்களுக்குக் குடிநீர் கொண்டுபோகும் பவுசர் வண்டிகளின் பதிவேடு அவளிடம் ஒப்படைக்கப்பட்டது.