ஐஸ் பெட்டிக்குள் கால்

அன்று அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, என் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒரே மகள், நான். வண்டி ஓட்டி வந்த எங்கள் டிரைவர் ஹாரன் கதவுக்கு வெளியே நின்றான், பாதி கேட்டிருப்பான். வேறு யாரும் இல்லை. கூடவே இருந்து பார்த்ததுபோலக் கதை அளக்கிறவர்கள் அளக்கட்டும். இது என் வீட்டு விஷயம், நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது ஐஸ் ஃபேக்டரி. கீழே உப்புநீர்த் தொட்டியும் கம்ப்ரஸரும், மேலே வீடு. மீன் சந்தைக்குப் போகும் ஐஸ் பார் அத்தனையும் எங்கள் தொட்டியில் உறைந்தவைதான். அப்பா தொடங்கியது. அவருக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். முதுகுக்குப் பின்னால் என்னை ஐஸ்காரம்மா என்பார்கள் என்று தெரியும். முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இல்லை.

தொட்டித் தளத்தில் நாங்கள் செருப்பு போடுவதில்லை. வேலையாட்கள் ரப்பர் பூட்ஸுக்குள்ளேயே நடுங்கும் அந்த ஈரத்தரையில் அப்பா நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்பார். பிறகு நானும் தம்பியும் நின்றோம். முதலாளி வீட்டுக் காலுக்குக் குளிரே உறைக்காது என்று ஆட்கள் பேசிக்கொள்வது காதில் விழும்போது எங்களுக்கு நெஞ்சு நிமிரும்.

தம்பி மகள் படித்தவள். ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. அங்கே மூடிய ஷூ கட்டாயம். முதல் வாரமே மாலையில் வந்து படியில் உட்கார்ந்து ஷூவை உதறி எறிந்தாள்.

"அத்தை, காலை யாரோ அடுப்பு மேல பிடிச்ச மாதிரி இருக்கு."

"புது ஷூ. கடிக்கத்தான் செய்யும்."

"ஷூ கடிச்சா கடிச்ச இடத்துல வலிக்கும். இது உள்ளேர்ந்து எரியுது."

சில வாரங்களில் போர்வை நுனி பட்டாலே பல்லைக் கடிக்க ஆரம்பித்தாள். பாதம் கணுக்கால் வரை சிவந்து மினுமினுக்கும். நெருப்பில்லை, வெந்நீரில்லை, பூச்சி கடிக்கவில்லை. கீழே இறங்கி ஐஸ் உடைக்கும் இடத்தில் ஒரு தொட்டியை இழுத்துப்போட்டு, உடைத்த ஐஸுக்குள் காலை விட்டுக்கொள்வாள். அப்போதுதான் அவள் முகம் மனித முகமாக மாறும். அதைப் பார்க்காமல் நான் திரும்பிக்கொள்வேன். ஏன் என்று அப்போது யாருக்கும் சொல்லவில்லை.

டாக்டர்களிடம் போனோம். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நல்ல தூரம். வண்டியின் சூட்டில் எரிச்சல் ஏறிவிடும். எங்கள் வீட்டுப் பெண் ஊர் பார்க்க நொண்டிக்கொண்டும் அழுதுகொண்டும் படியேறுவதை நான் அனுமதிப்பதாக இல்லை. ஆகவே வண்டிக்குள் ஒரு ஐஸ் பெட்டி வைக்கச் சொன்னேன். வாசல் வரை காலை அதற்குள் வைத்திருப்பாள். இறங்கும்போது துடைத்துக்கொண்டு, மெல்லிய செருப்பில் நிமிர்ந்து நடந்து போவாள்.

"வாட்ச்மேன் கேக்கறாரும்மா, கேன்டீனுக்கு ஐஸ் டெலிவரியான்னு" என்பான் ஹாரன்.

"வண்டியைப் பார்த்து ஓட்டு."

முதலில் பார்த்தவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லையே என்று ஒரு களிம்பு கொடுத்தார். அடுத்தவர் ரத்தம் எடுத்தார். சர்க்கரை இல்லை, எதுவுமே இல்லை. இன்னொருவர் ஃபேக்டரியில் வாயு கசிகிறதா என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். கடைசியாகப் பார்த்தவர் அவளிடம் தனியாகப் பேசிவிட்டு, தம்பியைக் கூப்பிட்டு, "பொண்ணு மனசுல ஏதோ இருக்கு. கல்யாணம் கில்யாணம்னு கட்டாயப்படுத்தறீங்களா?" என்றார். தம்பி மனைவி வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள்.

பெண் மட்டும் ஐஸ் பெட்டிக்குள் காலை வைத்துக்கொண்டு சிரித்தாள். "மீனைக்கூட ஏலம் விடறப்ப ஐஸை விட்டு வெளிய எடுத்துக் காட்டுவாங்க அத்தை. எனக்கு அதுவும் கிடையாது."

அதிலிருந்த குத்தல் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் பெட்டியை நிறுத்தவில்லை.

அந்த டாக்டரம்மா வேறு மாதிரி. சின்னப் பெண், குரல் மட்டும் பெரிது. காலைத் தொட்டதுமே நிமிர்ந்தாள்.

"ஏன் இவ்ளோ சில்லுனு இருக்கு?"

பெண்தான் சொன்னாள், "வண்டில ஐஸ்ல வெச்சுட்டு வருவேன் டாக்டர். எப்பவும்."

"யார் சொல்லி?"

"நான் சொல்லி" என்றேன்.

"அப்ப இதுவரைக்கும் பார்த்தவங்க எல்லாம் ஐஸைத்தான் பார்த்திருக்காங்க, காலைப் பார்க்கலை." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "எல்லாரும் உக்காருங்க. காத்திருக்கலாம்."

காத்திருந்தோம். ஃபேனை நிறுத்திவிட்டாள். முதலில் விரல் நுனிகளில் சிவப்பு வந்தது. மெல்லிய துணிக்கு அடியில் யாரோ விளக்கு ஏற்றுவதுபோல நிறம் பரவியது. பாதம் வீங்கியது, நரம்புகள் புடைத்தன. பெண் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். தம்பி எழுந்து ஐஸ் பெட்டி எடுக்கப் போனான். டாக்டரம்மா கையை நீட்டித் தடுத்தாள். ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கால்களின் அனல் தெரிந்தது. அந்த அனல் எனக்குப் புதியதல்ல.

டாக்டரம்மா விளக்கைக் கிட்டே இழுத்து விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தாள். அங்கே தோல் ஊறி வெளுத்து வெடித்திருந்தது. இடது காலில் ஓரமாக ஒரு கரும்புள்ளி. அதைப் பார்த்ததும் அவள் பேச்சு மாறிவிட்டது.

"இதுக்குப் பேரு எரித்ரோமெலால்ஜியா. சூடே இல்லாதப்ப நரம்பு சூடு சூடுன்னு கத்தும். ஐஸ் வெச்சா அடங்கும். ஆனா அந்த ஐஸே தோலைச் சாகடிச்சுடும். எரிச்சல் உயிரை எடுக்காது, ஐஸ் காலை எடுத்துடும். இப்ப எனக்கு ஒண்ணு தெரியணும். இது பரம்பரையா வந்ததா, வேற ஏதாவது நோயால வந்ததா? பரம்பரைன்னா இன்னைக்கே ஒரு மருந்து ஆரம்பிப்பேன். இல்லேன்னா வேற காரணம் தேடணும், மாசக்கணக்காகும். அதுவரை இந்தக் கால் தாங்குமான்னு எனக்குத் தெரியலை. குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?"

தம்பி உடனே தலையாட்டினான். "இல்ல டாக்டர். அப்பாவுக்குக் கால்ல புண் இருந்துச்சு, அதுலதான் போனாரு. ஆனா அது விபத்து. அமோனியா வால்வு விட்டு வாயு கசிஞ்சப்ப எல்லாரும் வெளிய ஓடினாங்க, அவரு மட்டும் உள்ள போயி மூடினாரு. கால் வெந்துபோச்சு. ஊருக்கே தெரியும்."

சொல்லும்போது அவன் நெஞ்சு நிமிர்ந்தது. எங்கள் ஃபேக்டரிக்கு ஊரில் இருக்கும் மரியாதையில் பாதி அந்த வால்வுக்குச் சொந்தம். அப்பா இறந்தபோது சந்தையை அடைத்தார்கள்; அதுவும் அதற்காகத்தான்.

டாக்டரம்மா ஏதோ எழுதப் போனாள். பெண் என்னைப் பார்த்தாள். அவள் கெஞ்சியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேனோ என்னவோ. அவள் கெஞ்சவில்லை. வலியில் கண் மங்கிப்போய், வெறுமனே பார்த்தாள்.

"வால்வு எதுவும் விடலை" என்றேன்.

"அக்கா?"

"நீ சின்னவன். உனக்குத் தெரியாது. அப்பாவுக்குக் காலெரிச்சல். சாயங்காலமானா மரத்தூளுக்குள்ள அடுக்கின ஐஸ் பார் மேல காலை வெச்சுக்கிட்டுத்தான் கிடப்பாரு. புண்ணாச்சு, கறுத்துச்சு. கட்டுப் போட்டவ நான். வால்வுக் கதையை அவரே சொன்னாரு. ஐஸ் விக்கிறவன் ஐஸ்ல கால் அழுகிச் செத்தான்னு ஊர் சொல்லக் கூடாதுன்னாரு."

தம்பி மனைவி அவன் தோளைத் தொட்டாள், அவன் தட்டிவிட்டான்.

"உங்களுக்கு?" என்றாள் டாக்டரம்மா.

நான் செருப்பைக் கழற்றினேன், தொட்டித் தளத்துக் குளிரில் நாங்கள் வெறுங்காலோடு நிற்பதையும் சொன்னேன். அந்த அறையின் புழுக்கத்தில் என் பாதங்களும் சிவந்துதான் இருந்தன. இத்தனை வயதில் அவற்றை அந்நியர் முன்னால் நீட்டியது அதுவே முதல் தடவை. "இத்தனை வருஷமா நீங்க தரையில நிக்கலை, மருந்துல நின்னுட்டு இருந்திருக்கீங்க" என்றாள் அவள். தம்பி குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றே மருந்து எழுதிக் கொடுத்தாள். வேலை செய்யச் சில வாரமாகும், அதுவரை ஐஸ் கூடாது, ஒரு துண்டுகூடக் கூடாது என்றாள். வீட்டிலிருந்து ஃபேக்டரிக்கு இறங்கும் கீழ்க்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பெண் மாடியில் சுவரில் பாதத்தை ஒட்டி வைத்துக்கொண்டு கிடந்தாள். கீழே கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்டால் தலையணையைக் காதில் அழுத்திக்கொள்வாள். ஐஸுக்கு மேலேயே அவளைக் குடிவைத்திருந்தோம். வேறு எங்காவது அனுப்பியிருக்கலாம் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அப்போது யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் மதியம் நான் சந்தைக்குப் போய்த் திரும்பினால், கட்டிலுக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியில் இருந்த அதே பெட்டி. கால் இரண்டும் உள்ளே. பெண் எத்தனையோ நாளுக்குப் பிறகு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா அம்மான்னு கதறினா அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "பெத்தவளால கேட்டுட்டு இருக்க முடியலை. வெளிவாசல் வழியா ஆளை விட்டு ஐஸ் எடுத்துவரச் சொல்லி, கொஞ்ச நேரம்னுதான் வெச்சேன். தூங்கிட்டா. எழுப்ப மனசு வரலை."

நான் திட்டவில்லை. காலை வெளியே எடுத்தேன். கரும்புள்ளி இருந்த இடம் முழுவதும் கறுத்திருந்தது. கிள்ளிப் பார்த்தேன். அவள் அசையவில்லை.

மருந்து வேலை செய்கிறது. எரிச்சல் வருகிறது, ஆனால் முன்போல அல்ல, எழுந்து நடக்கிறாள். தம்பியும் அதே மாத்திரையை விழுங்குகிறான். என்னோடு அதிகம் பேசுவதில்லை. நான் இப்போது தொட்டித் தளத்தில் நிற்பதில்லை. மாலையானால் எனக்கும் ஏறிவிடுகிறது, பொறுத்துக்கொள்கிறேன். அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண்ணுக்குக் காலையே எடுத்துவிட்டார்கள் என்று மீன் சந்தையில் பேச்சு அடிபடுகிறது. தவறு. எடுத்தது இடது காலில் இரண்டு விரல்கள்.