சம்பந்தமில்லாதவர்

அரசாங்கத்துக்கு என் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. நெப்ராஸ்காவின் இந்த மூலையில் முப்பது வருஷமாக இன்சூரன்ஸ் விற்கிறேன். ஆனாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, நான் பிறந்த மாதம் முடிவதற்குள், இத்தனை மணி நேரம் பாடம் கேட்டேன் என்று காட்டினால்தான் லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். கேட்டேன். மோட்டல் கூடங்களில் ஆறிப்போன காபியை வைத்துக்கொண்டு, திரையில் இருப்பதை எவனோ அப்படியே வாசிப்பதை நாள் முழுக்கக் கேட்டேன். அப்பாடா முடிந்தது என்று இருந்தபோது நேற்று மாநில அலுவலகத்திலிருந்து பதில் வருகிறது. மூன்று மணி நேரம் குறைகிறதாம். ஒரே பாடத்தை இரண்டு தடவை கேட்டிருக்கிறேனாம், ஒரு தடவைதான் கணக்கில் சேருமாம்.

கடைசி நாள் இன்று. லைசென்ஸ் போனால் கம்பெனி என்னைக் கழற்றிவிட்டுவிடும். அப்புறம் இந்த அறுபத்திரண்டு வயதில், மீசை முளைக்காத பிள்ளைகளோடு உட்கார்ந்து முதல் பரீட்சையிலிருந்து தொடங்க வேண்டும். சத்தியமாக எனக்கு அதற்குத் தெம்பில்லை.

காலையில் எழுந்ததும் கம்ப்யூட்டரில் தொழில் நேர்மை பற்றிய நெறிமுறைப் பாடம் ஒன்றைப் பணம் கட்டி வாங்கிப் படித்து முடித்தேன். மூன்று மணி நேரப் பாடம், சரியாகப் போச்சு. ஆனால் அதற்கு ஒரு பரீட்சை இருந்தது. பரீட்சைக்கு ஒரு சாட்சியும் வேண்டுமாம். நான் பாடத்தைப் பார்க்காமல் எழுதுகிறேனா என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து, கடைசியில் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆள் சொந்தக்காரராக இருக்கக் கூடாது, கூட வேலை செய்பவராக இருக்கக் கூடாது, நான் தேறினாலும் தோற்றாலும் அவருக்கு லாபம் நஷ்டம் ஒன்றுமே இருக்கக் கூடாது.

எங்கள் ஊரில் அப்படி ஒரு சம்பந்தமில்லாதவருக்கு நான் எங்கே போவேன்? நூலகத்தில் இருப்பவள் என் சித்தி மகள். தபால் நிலையத்தில் என் வீட்டுக்காரர் டுவேனின் தம்பி. வங்கிக்காரர் என்னோடு கூட்டாக இன்சூரன்ஸ் விற்கிறார். பாதிரியாரோ பேத்தியைப் பார்க்க ஒமாஹா போய்விட்டார். மத்தியானம் வரைக்கும் அலைந்து கால் ஓய்ந்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெவ்வின் சாப்பாட்டுக் கடையில் போய் விழுந்தேன். பெவ் என் நாத்தனார், ஆகவே அவளும் சாட்சிக்கு ஆக மாட்டாள்.

"என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு? யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டபடியே பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் கிண்ணத்தையும் பட்டை மணக்கும் ரொட்டிச் சுருளையும் கொண்டுவந்து வைத்தாள்.

"என் லைசென்ஸ்தான் சாகக் கெடக்கு" என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

பெவ் மோவாயால் ஜன்னலோர மேஜையைக் காட்டினாள். "அதோ உட்கார்ந்திருக்காரே. இந்த ஊர்ல உனக்கு அவரைவிட ஆகாதவரு யாரு?"

அங்கே ஆர்லிஸ் குசேரா இருந்தார். இரண்டு வருஷமாக என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். அந்த வசந்தத்தில் ஓடை பெருகி, அவர் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கச் சேறு. அவர் வைத்திருந்தது சாதாரண வீட்டுப் பாலிசி. தீக்கும் காற்றுக்கும் கொடுப்பார்கள், தரையிலிருந்து ஏறிவரும் தண்ணீருக்குக் கொடுக்க மாட்டார்கள். வெள்ளத்துக்குத் தனியாக ஒன்று போடுங்கள் என்று நான் சொன்னபோது, ஓடை எங்கேயோ இருக்கிறது என்று சிரித்தவர் அவரேதான். ஆனால் கம்பெனி கையை விரித்த சேதியை அந்தச் சேற்றில் நின்று சொன்னவள் நான். அவர் மனைவி மேவிஸ், நனைந்துபோன கல்யாணப் படங்களைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து என்னைக் கண்டால் ஆர்லிஸ் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

"வேண்டாம் பெவ், வம்பு."

"என்ன பெரிய வம்பு? ஆர்லிஸ்! இங்க வாங்க. லோர்னா பரீட்சை எழுதணுமாம். நீங்க போலீஸ்காரர் மாதிரி முன்னால உட்காரணும். செர்ரிப் பழம் வச்சுச் சுட்ட பை ஒண்ணு என் செலவு."

எழுந்து வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். தொப்பியை எடுத்து மாட்டினார். காபிக் கோப்பையோடு வந்து என் எதிரே நின்றார்.

"ஃபெயில் ஆனா என்ன ஆகும்?" இரண்டு வருஷம் கழித்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"கடையை இழுத்து மூடிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"அப்ப உட்கார்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

லேப்டாப்பைத் திறந்தேன். வேறு வழியில்லாமல் எழுதத் தொடங்கினேன். ஆர்லிஸ் கண்ணை எடுக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெவ் வைத்துவிட்டுப் போன செர்ரிப் பையைக்கூடத் தொடவில்லை. பாதியில் ஒரு கேள்வி வந்தது: தேவையான ஒரு பாலிசியை வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னால் முகவர் என்ன செய்ய வேண்டும்? நாலு பதில்கள். எது சரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எதிரே அந்த முகத்தை வைத்துக்கொண்டு விரலை அழுத்த வெகுநேரம் ஆயிற்று.

கடைசியில் திரையில் தேர்ச்சி என்று வந்தது. வீட்டிலிருந்து அச்சிட்டு எடுத்துவந்த சாட்சித் தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கையெழுத்து இல்லாமல் அந்தத் தேர்ச்சிக்கு ஒரு மதிப்பும் கிடையாது. அது அவருக்கும் தெரிந்துவிட்டது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"கடைசி நாள் வரைக்கும் ஏன் விட்டு வச்ச? நீ அப்படிப்பட்டவ இல்லையே."

"ஒரே பாடத்தை ரெண்டு வாட்டி படிச்சுட்டேன். ரெண்டாவது வாட்டி கணக்குல வராதாம். எனக்குத் தோணவே இல்ல."

"எந்தப் பாடத்தை?"

சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் பொய் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது. "வெள்ளத்துப் பாலிசி."

நானேதான் தொடர்ந்தேன். "உங்க வீட்டுல அப்படி ஆனப்புறம் போய் அந்தப் பாடத்தைக் கேட்டேன். மனசு ஆறல ஆர்லிஸ். உங்க பழைய பாலிசியிலயே ஏதாவது வழி இருந்து, அதை நான்தான் கவனிக்காம விட்டுட்டேனோன்னு இந்தக் குளிர்காலத்துல மறுபடியும் போய் உட்கார்ந்தேன்."

"இருந்துச்சா?"

"இல்ல. ரெண்டு வாட்டியும் இல்ல."

ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வரி வரியாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டு வாசித்தார். "இவர் சொந்தமில்லை. சரி. கூட வேலை செய்பவரில்லை. சரி. இவர் தேறினாலும் தோற்றாலும் எனக்கு ஒன்றுமில்லை." அந்த இடத்தில் நிறுத்தினார்.

"இங்க வந்து உட்கார்ந்தப்ப இதுல கையெழுத்துப் போட்டிருந்தா அது பச்சைப் பொய். நீ ஃபெயில் ஆகணும்னுதான் வந்து உட்கார்ந்தேன்."

"அது எனக்குத் தெரியும்" என்றேன். "இப்ப?"

"இப்பவும் பொய்தான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டார். தாளை என் பக்கம் தள்ளிவிட்டுச் செர்ரிப் பையை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

நெறிமுறைப் பரீட்சையில் தேறி முழுசாக ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் அந்தப் பொய்யைப் பற்றி வாயே திறக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளைப் படம் எடுத்து மாநில அலுவலகத்துக்கு அனுப்பினேன்.